‘தமிழ்’ என்ற சொல்லுக்கு நீளம் 5 என்கிறது பைதான்: பக் ரிப்போர்ட் போடலாமா?

கணக்குப்பிள்ளை

வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாணவர் அடையாள அட்டை அச்சிட ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன், நிரல்மொழி பைதான் 3.12. பெயர் பன்னிரண்டு எழுத்தைத் தாண்டினால் எழுத்தளவைக் குறைக்க வேண்டும், இவ்வளவுதான் வேலை. ‘தமிழ்’ என்று கொடுத்து, நீளம் சொல்லும் லென் கேட்டால் 5 என்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும்!

அதோடு போகவில்லை. பெயர்க் கட்டத்தில் யாராவது போன் நம்பரைப் போட்டுவிடப் போகிறார்களே என்று எல்லாம் எழுத்துதானா என்று பார்க்கும் ஐஸ்ஆல்ஃபா வைத்துச் சோதித்தால், ‘தமிழ்’ எழுத்துகளால் ஆனதே இல்லையாம், ஃபால்ஸ். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் பெயரே தேறவில்லை. இதைப் பைதான்காரர்களிடம் பக் ரிப்போர்ட்டாக, அதாவது பிழைப் புகாராக, போடப்போகிறேன். கிட்ஹப்பில்தானே போட வேண்டும்? ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் சொல்லுங்கள், நானும் அங்கே போய் ஒரு கைநாட்டு வைக்கிறேன்.

இரவுப்பணி

லென் விஷயத்தைப் போடாதீர்கள், வந்த வேகத்தில் மூடிவிடுவார்கள். 5 சரியான விடைதான். கோ மொழியில் இதே சொல்லுக்கு லென் 15, ரஸ்டிலும் 15, ஜாவாஸ்கிரிப்டில் 5, ஸ்விஃப்டில் கவுண்ட் கேட்டால் 3. யாருமே தப்புச் செய்யவில்லை, ஆளுக்கொன்றை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

மெய்யெழுத்து

இரவுப்பணி சொன்னதைக் கொஞ்சம் விரிக்கிறேன். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோட் தரத்தில் இருப்பவை ஐந்து கோட் பாயிண்ட், அதாவது ஐந்து எண். பைதான் 3ல் உரையை வைக்கும் ஸ்ட்ரிங் என்ற வகையே ‘கோட் பாயிண்டுகளின் வரிசை’ என்றுதான் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது, எழுத்துகளின் வரிசை என்று இல்லை. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் எழுதினால் தமிழ்க் கோட் பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், அதனால்தான் கோவும் ரஸ்டும் 15 என்கின்றன. ஸ்விஃப்ட் மட்டும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. பைதான் 2 காலத்தில் சாதா ஸ்ட்ரிங் என்பது பைட்டுகளாகத்தான் இருந்தது, அங்கே கேட்டிருந்தால் உங்களுக்கும் 15 வந்திருக்கும். 2008 டிசம்பரில் 3.0 வந்தபோது பைட்டுக்குத் தனி வகை, உரைக்குத் தனி வகை என்று பிரித்தார்கள். அப்போது ஊரே திட்டியது. என்னைக் கேட்டால் அந்த ஒரு மாற்றத்துக்காகவே அத்தனை வருட அவஸ்தையும் தகும்.

ஐஸ்ஆல்ஃபா வேறு கதை. அது யூனிகோடின் ‘எழுத்து’ என்ற பொதுவகையில் வருவதை மட்டும் ஏற்கும். உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்ற வகை. அதனால் ‘பரத’ என்றால் தேறும், ‘பரத்’ என்றால் தேறாது. வேடிக்கை என்னவென்றால் ஐஸ்ஐடென்டிஃபையர் என்று கேட்டால் அதே ‘தமிழ்’ ட்ரூ. அதாவது மாறிலிக்குப் பெயராக வைக்கலாம், ஆனால் அது எழுத்தால் ஆனதில்லை!

இரவுப்பணி

மாறிலி இல்லை ஐயா, மாறி. மாறிலி என்றால் கான்ஸ்டன்ட்.

மெய்யெழுத்து

பைதானில் இரண்டும் ஒன்றுதானே, யார் தடுக்கப் போகிறார்கள். சரி, மாறி.

கணக்குப்பிள்ளை

விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஆவணத்தில் எழுதிவைத்துவிட்டால் எதுவும் பக் இல்லை என்று ஆகிவிடுமா? கடைக்காரர் ‘எங்கள் கடையில் ஒரு கிலோ 800 கிராம்’ என்று பலகை மாட்டிவிட்டால் எடை சரியாகிவிடுமா?

சோதனைக்காரி

பன்னிரண்டு வருடமாக டெஸ்டிங்தான் தொழில், இந்தக் கேள்வியைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னது ஒன்று, நடந்தது வேறு என்றால் அது பக், அதற்குப் பக் டிராக்கர் என்ற புகார்ப் பதிவேடு இருக்கிறது. சொன்னபடியே நடக்கிறது, ஆனால் சொன்னதே நமக்கு ஒத்துவரவில்லை என்றால் அது வடிவமைப்புப் பற்றிய வாதம். அதற்கு இடம் வேறு, பொறுமையும் வேறு அளவில் வேண்டும். பைதானில் யோசனைகளுக்கென்று டிஸ்கஸ் தளத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அதைப் பக் டிராக்கரில் போட்டால் ‘நாட் எ பக்’ என்று சொல்லி மூடுவார்கள், நீங்களும் தமிழுக்கே மரியாதை இல்லை என்று கோபப்படுவீர்கள். இரண்டு பக்கமும் நேரம் வீண். மூன்றாவதாக ஒன்று உண்டு, பலர் மறந்துவிடுவது: ஆவணம் புரியும்படி இல்லை என்பதும் முறையான புகார்தான். ஐஸ்ஆல்ஃபா பக்கத்தில் ‘உயிர்க்குறி உள்ள மொழிகளில் இப்படி நடக்கும்’ என்று ஒரு எடுத்துக்காட்டுச் சேர்க்கச் சொல்லி எழுதினால் கதவைச் சாத்த மாட்டார்கள்.

நம் ஆட்கள் சிலர் பக் என்பதை ‘வழு’ என்று எழுதுவார்கள், எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அலுவலகத்தில் ‘வழு வந்திருக்கிறது’ என்று சொன்னால் யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள்.

பழைய_பெர்ல்

கணக்குப்பிள்ளை தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது, நாங்களும் இப்படிப் பொங்கியவர்கள்தான். யூனிகோடின் தமிழ்க் கட்டம் இஸ்கி என்ற 1988ஆம் வருடத்து இந்தியக் குறிமுறையை அச்சாக வைத்துப் போட்டது. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே சட்டம், எந்த இடத்தில் நம்மிடம் எழுத்து இல்லையோ அங்கே ஓட்டை. கட்டத்தை எடுத்துப் பாருங்கள், பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அதற்கு முன் டிஸ்கி, டாம், டாப் என்று எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை வைத்துக்கொண்டு, ஒருவர் அனுப்பிய மடலை இன்னொருவர் படிக்க முடியாமல் தவித்த காலம் ஒன்று இருந்தது, அதை மறந்துவிடாதீர்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்16 என்ற முறையையும் யூனிகோடோடு சேர்த்து 2010ல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. அதில் ‘தமிழ்’ சரியாக மூன்றுதான். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கென்று எழுத்துரு போட்டுக்கொள்ளாத போனில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். யூனிகோடில் ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்தவே மாட்டார்கள் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே இனி இதோடுதான் குடித்தனம்.

இரவுப்பணி

ஒரு ஆறுதல் சொல்லட்டுமா. அப்பா, அம்மா, மகள் மூவரும் நிற்கும் குடும்ப எமோஜி இருக்கிறதே, அதற்கும் பைதானில் லென் 5. மூன்று ஆட்கள், நடுவில் ஒட்டுகிற கண்ணுக்குத் தெரியாத குறி இரண்டு. எமோஜி வந்த பிறகுதான் ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்களுக்கும் இந்த வலி என்னவென்று உறைத்தது. அதுவரை நாம் கத்தினால் ‘உங்கள் மொழிப் பிரச்சினை’ என்பார்கள்.

மெய்யெழுத்து

லென்னை நான் விட்டுவிடுவேன், ஆனால் உரையில் வடிவம் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை விட மாட்டேன். அதில் சொல்லைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் போட்டு ‘தமிழ்’ என்பதில் சொற்களைத் தேடச் சொல்லுங்கள். ஒரு சொல் வராது, ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு வரும்! குறி வரும் இடமெல்லாம் வெட்டிவிடுகிறது. இதில் யூனிகோடே தன் வழிகாட்டு அறிக்கையில் குறிகளும் சொல்லில் சேர வேண்டும் என்று சொல்கிறது, இந்தத் தேடலைச் செய்யும் பைதானின் ஆர்இ தொகுதி அதைச் செய்வதில்லை. ரோமன் அல்லாத எழுத்துமுறைகளுக்கு இது உதவவில்லை என்று 2007லேயே பழைய டிராக்கரில் பதிவாகிவிட்டது. 2022 ஏப்ரலில் டிராக்கரையே கிட்ஹப்புக்கு மாற்றியபோது பழைய புகார்களும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தன.

கணக்குப்பிள்ளை

பார்த்தீர்களா! அப்படியானால் நான் சொன்னது சரிதான்.

சோதனைக்காரி

பாதி சரி. உங்கள் லென் புகாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இதில் ‘இந்த அறிக்கையின் இந்தப் பகுதி இப்படிச் சொல்கிறது, நீங்கள் இப்படிச் செய்கிறீர்கள்’ என்று விரலை வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்கிறது. அதை மாற்றினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ நிரல் வேறு விடை தரத் தொடங்கும் என்ற பயம்தான் இழுத்துக்கொண்டு போகிறது, தெரியாமல் இல்லை. அங்கே போய் ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்று பிளஸ் ஒன் போடாதீர்கள். உங்கள் நிரலில் எங்கே எப்படி உடைந்தது என்று எடுத்துக்காட்டு இருந்தால் போடுங்கள், அதற்கு எடை உண்டு.

மெய்யெழுத்து

அதுவரை ரெகெக்ஸ் என்ற வெளித் தொகுதியைப் பிப் என்ற நிறுவி வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் டபிள்யூ ஒழுங்காக வேலை செய்யும், பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் போட்டால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்தும் தரும். தமிழுக்கென்றே ஓப்பன்-தமிழ் என்ற தொகுதியும் உண்டு, அதில் கெட்_லெட்டர்ஸ் கேட்டாலும் எழுத்தாகப் பிரித்துத் தரும்.

இரவுப்பணி

எல்லோரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவருக்கு எழுத்து எண்ணிக்கையே வேண்டாம். அட்டையில் பெயர் அடங்குமா என்பதுதானே கேள்வி? ‘ரி’யும் ‘ணை’யும் ஒரே அகலமா? பன்னிரண்டு ரகரம் போட்டால் பாதி இடம் காலி, பன்னிரண்டு ‘ஔ’ போட்டால் அட்டையைத் தாண்டிப் பின்பக்கம் போகும். படம் வரையும் தொகுதியிடமே ‘இந்த எழுத்துருவில் இந்தப் பெயருக்கு எத்தனை பிக்சல்’ என்று கேட்டுவிட்டு அளவைக் குறையுங்கள். லென் 3 என்று சொல்லியிருந்தாலும் உங்கள் அட்டை கோணலாகத்தான் வந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை

அட. இது எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றிவிட்டேன், பெயர்கள் அழகாக உட்காருகின்றன. ஐஸ்ஆல்ஃபாவையும் தூக்கிவிட்டு, எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

ஆனால் அடுத்த பூதம் கிளம்பிவிட்டது. பெயர்ப் பட்டியல் எக்செல் கோப்பில், போட்டோ எல்லாம் ஒரு கோப்புறையில், கோப்பின் பெயரே மாணவர் பெயர். ‘கோமதி’க்குப் போட்டோ இல்லை என்கிறது. கோப்புறையைத் திறந்து பார்த்தால் கோமதி சிரித்துக்கொண்டு இருக்கிறாள். இரண்டு பெயரையும் திரையில் அச்சிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. சமமா என்று கேட்டால் ஃபால்ஸ். இதாவது பக் தானே?

சோதனைக்காரி

ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அதில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதுதானே பிரச்சினையே! பக் ரிப்போர்ட்டில் படத்தைப் போடாதே என்று தலைதலையாக அடித்துக்கொள்வது இதற்குத்தான். இரண்டு பெயரையும், தமிழ் எழுத்தை எண்ணாகக் காட்டும் ஆஸ்கி என்ற ஃபங்ஷனுக்குள் கொடுத்து வருவதை எழுத்தாக ஒட்டுங்கள். அப்படியே உங்கள் பழைய எதிரி லென்னையும் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை

எக்செல் கோமதி 5. போட்டோ கோமதி 6. எக்செல்லில் க-வுக்கு அப்புறம் ஒரே குறி, போட்டோவில் இரண்டு. என்ன மாயம் இது?

மெய்யெழுத்து

மாயம் இல்லை. ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும், அதாவது இரட்டைக்கொம்பு தனி, கால் தனி. கையால் எழுதும்போது நாம் செய்வது இரண்டாவதுதான்! யூனிகோட் இரண்டையும் சமமாகக் கருதச் சொல்கிறது, ஆனால் பைதானின் ஸ்ட்ரிங் ஒப்பீடு கோட் பாயிண்டை மட்டும் பார்க்கும். யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் இருக்கிறது, இரண்டு பக்கமும் என்எஃப்சி, அதாவது சேர்த்து எழுதும் வடிவம், போட்டு ஒப்பிடுங்கள், கோமதி கிடைத்துவிடுவாள்.

ஒரு கேள்வி: போட்டோ எடுத்த ஸ்டூடியோவில் பழைய மேக் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

இருக்கிறது!! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒரு பழைய ஐமேக்கிலிருந்து ஜிப் போட்டு அனுப்பினார்கள்.

மெய்யெழுத்து

ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய மேக் கோப்பு முறைமை, கோப்பின் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும், அது அதன் விதி. ஜிப் போட்டால் பிரித்த வடிவமே கூட வரும். விண்டோஸும் லினக்ஸும் பெயரில் கை வைக்காது. ஓகாரம், ஒகாரம், ஔகாரம் வரும் பெயர்கள் மட்டும் அடிபட்டிருக்கும், சரிபாருங்கள்.

கணக்குப்பிள்ளை

கோமதி, கோபால், யோகேஷ், மனோகர். சொல்லிவைத்த மாதிரி. என்எஃப்சி போட்டதும் எல்லோரும் வந்துவிட்டார்கள், ஸ்ரீதர், கௌரி தவிர.

பழைய_பெர்ல்

ஹா, எதிர்பார்த்தேன். கௌரியில் இருக்கும் ‘ள’ மாதிரியான பகுதி உண்மையில் ள இல்லை, ஔகாரக் குறியின் வால். பல பேர் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுவார்கள், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அது கெ-ள-ரி என்ற மூன்றெழுத்துப் பெண். ஸ்ரீ இன்னும் மோசம். யூனிகோட் 4.1ல், 2005ல், ஶ என்ற எழுத்து புதிதாக வந்தது. அதற்குப் பிறகு சிலருடைய விசைப்பலகை ஸ போட்டு ஸ்ரீ எழுதுகிறது, சிலருடையது ஶ போட்டு. திரையில் இரண்டும் அதே உருவம். இதில் லென்கூட உதவாது, இரண்டுக்கும் 4. நார்மலைஸ் செய்தாலும் இவை இரண்டும் சேராது, யூனிகோட் பார்வையில் அவை வேறு வேறு எழுத்து.

இரவுப்பணி

சொந்தமாக ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்வதுதான் வழி. ஶகர ஸ்ரீயை ஸகர ஸ்ரீயாக்கிவிடுங்கள். ஆனால் கெள-வைக் கௌ-வாகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள், ‘கெளுத்தி’ ‘கௌுத்தி’ ஆகிவிடும். ஒரு மீன்கடை விலைப்பட்டியலில் இந்தக் காரியத்தை நானே செய்துவிட்டு ஒரு வாரம் முழித்தேன்.

கணக்குப்பிள்ளை

இன்று இன்னொன்று கண்டுபிடித்தேன், ஆனால் இந்த முறை நான் முதலில் பக் என்று கத்தவில்லை. முகவரியை வரி பிரிக்க ஒரு வெளித் தொகுதியைப் பயன்படுத்துகிறேன், பெயர் வேண்டாம். நீளமான ஊர்ப் பெயரை உடைக்கும்போது மெய்யை மேல் வரியிலும் புள்ளியை அடுத்த வரித் தொடக்கத்திலும் போடுகிறது. அதன் ஆவணத்தில் ‘கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் நடுவில் உடைக்காது’ என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். முதலில் நான் எழுதிய வரைவு: “தமிழ் சரியாக வேலை செய்யவில்லை, அவசரம், உடனே சரிசெய்யவும்.” சோதனைக்காரி அக்கா பார்த்தால் திட்டுவார் என்று அனுப்பவில்லை.

சோதனைக்காரி

திட்டியிருப்பேன். தலைப்பில் ‘புள்ளி தனியாகப் பிரிகிறது’ என்று நடப்பதை எழுதுங்கள். தொகுதியின் பதிப்பு, பைதான் பதிப்பு, இயங்குதளம். முழு ஸ்கிரிப்டையும் ஒட்டாமல் ஒரு சொல்லும் ஒரு அகலமும் வைத்து மூன்று வரியில் அதே தவறு வரும்படி செய்யுங்கள். தமிழ் தெரியாதவர்தான் படிக்கப் போகிறார், அதனால் சொல்லைத் தமிழில் ஒருமுறை, ஆஸ்கி காட்டிய எண்களாக, அதாவது எஸ்கேப் வடிவில், ஒருமுறை கொடுங்கள். என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், ஆவணத்தின் அந்த வரி. ‘அவசரம்’ வேண்டவே வேண்டாம், அவர் சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர். அப்புறம் முடிந்தால் ஒரு எமோஜியிலும் அதே தவறு வருகிறதா என்று சோதித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அநியாயம்தான், ஆனால் சீக்கிரம் புரியும்.

கணக்குப்பிள்ளை

எமோஜியிலும் உடைகிறது! குடும்பத்தைப் பிரித்து அப்பாவை மட்டும் மேல் வரியில் விட்டுவிட்டது. அனுப்பிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை

நான்கு நாள் கழித்து வருகிறேன். ‘பக்’ லேபிள் ஒட்டிவிட்டார். ‘எங்கள் சோதனைகளில் தமிழே இல்லை, இந்தச் சொல்லையே சோதனையில் சேர்த்துக்கொள்ளலாமா’ என்று கேட்டார். தாராளமாக என்றேன். அதனால் இனி அந்தத் தொகுதியில் யார் எந்த மாற்றம் செய்தாலும் ‘திருச்சிற்றம்பலம்’ உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள்.

அட்டைகள் நேற்று கொடுத்தாயிற்று. கெளரியைக் கையால் திருத்தினேன், ஒரே ஒரு பிள்ளைதானே. தலைமையாசிரியரிடம் பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்னப்பா மாற்றியிருக்கிறாய்?” என்றார்.